சேகர் பண்ணிடாதீங்க

எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் ஏறிய குங்குமம் போக மாட்டேன் என்கிறது. இன்று மதியம் மில்பிடாஸில், உன் பழைய கம்பெனியில், அணைத்துக் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்தபோது ஒட்டியது. பெட்டியின் முகப்பில் நீ வைத்த சந்தனம் காய்ந்து, ஆறின புண்ணின் பொருக்கு மாதிரி உதிர்ந்தது. உள்ளே ஃபேன் இறக்கையில் தூசியும் திருநீறும் கலந்து அப்பியிருந்தன. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நீ பூசிப் பூசிச் சேர்த்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றாய். உன்னை நான் கூப்பிடவில்லை. உயிரோடு இருந்தபோது வர வேண்டிய இடத்துக்கு வராதவன், இப்போது எதற்கு வருகிறாய்?

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் காலேஜ் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி பார்த்தேன். காலையில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று போட்டிருந்தார்கள். உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். தங்கமான மனுஷன், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவன். நானும் கூப்பிய கை ஒன்றைப் போட்டுவிட்டு, அடுப்பில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டேன். நான் இருக்கும் சான் ரமோனிலிருந்து உன் வீடு ஒன்றும் தூரமில்லை, 680 ஃப்ரீவேயைப் பிடித்தால் ஒரே ரோடு. ஆனாலும் நான் வரவில்லை. வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்து என்ன கேட்டிருப்பேனோ, அதற்கு நீ வழக்கம்போல் பதில் சொல்லாமல் படுத்திருப்பாய்.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஒரே ரூம் நமக்கு. அமெரிக்கா வந்த புதிதில் ஒரே அப்பார்ட்மெண்ட். நீ வைக்கிற ரசத்தை நான் குறை சொல்வேன், நான் வைக்கிற சாம்பாரை நீ கீழே கொட்டுவாய். மில்பிடாஸ் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டதும் நீதான். சர்க்யூட் போர்டுகள் செய்யும் இடம். செய்து முடித்த போர்டுகளைச் சோதிக்கிற டெஸ்ட் ஃப்ளோருக்கு நீ பொறுப்பு, கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு நான் பொறுப்பு. நல்லது எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பின்னால் வருவதையும் மறைக்கப் போவதில்லை.

உன் டெஸ்ட் ஃப்ளோரில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் அப்போதே கிழடுகள். அவற்றில் ஓடிய விண்டோஸுக்கு அதைச் செய்தவர்களே அப்டேட் அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். கதவு இல்லாத வீட்டில் குடியிருக்கிற மாதிரி என்று நான் மீட்டிங் மீட்டிங்காகச் சொன்னேன். மாற்றுங்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள், முதலில் டிஸ்கையாவது காப்பி எடுத்து வையுங்கள் என்று கத்தினேன். மேனேஜர் உன் பக்கம் திரும்புவார். நீ இங்கிலீஷில் அவருக்கு என்னவோ நயமாகச் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் என் தோளில் கை போடுவாய்.

"ஓடிட்டிருக்குதல்லடா, விடு."

அதுதான் உன் வேதம். மாற்றினால் சோதனை முடிவுகள் மாறிவிடும், மாறினால் உன்னைக் கேட்பார்கள், கேட்டால் கிரீன் கார்டு கெட்டுவிடும். தும்மல் வந்தால்கூட அதனால் கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகுமோ என்று யோசித்த ஆள் நீ.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெஷின்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு வரலாம் வா என்று என்னை எழுப்பிக் கூட்டிப் போனாய். ஆபீஸ் கதவைத் திறக்கும் உன் கார்டை வீட்டில் மறந்துவிட்டாய். என் கார்டு எல்லாக் கதவையும் திறக்கும், அதனால் நான்தான் திறந்தேன். தேங்காய் உடைக்க வெளியே பார்க்கிங் லாட்டுக்கு என்னை அனுப்பினாய். உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால், இருப்பதிலேயே முக்கியமான கம்ப்யூட்டரின் திரை கறுத்துக் கிடக்கிறது. பெரிய டெஸ்டரை ஓட்டுகிறது அது ஒன்றுதான். வருஷக்கணக்கில் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டி. மேலே 'அணைக்காதே' என்று சிவப்பில் எழுதி ஒட்டியது நீயேதான். அதன் முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தாய்.

"ஏண்டா ஆஃப் பண்ணின?"

"ஒரு நாளு ரெஸ்ட் எடுக்கட்டும்டா. எங்கூர்ல இன்னிக்குத் தறியெல்லாங்கூட நிப்பாட்டிருவாங்க. நாளைக்கு விஜயதசமி, நல்ல நேரம் பாத்து ஆன் பண்ணலாம்."

நான் பவர் பட்டனை நோக்கிக் கையை நீட்டினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். பூஜையில் வைத்ததை இன்றைக்குத் தொடக் கூடாது என்றாய். எம்.இ. படித்தவன்! கடவுளிடம் மரியாதை காட்டுவதாக நினைத்துக்கொண்டு, நின்றால் செத்துவிடும் என்று உனக்கே தெரிந்த ஒன்றை நிறுத்தி வைத்தாய். அமெரிக்காக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். இதற்கு நம் ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

விஜயதசமி காலை நீ நல்ல நேரம் பார்த்துப் பட்டனை அமுக்கினாய். டிஸ்க் 'டக் டக்' என்று இரண்டு சத்தம் போட்டது, அவ்வளவுதான். எழுந்திருக்கவே இல்லை.

லைன் நின்றுவிட்டது. கஸ்டமருக்குப் போக வேண்டிய சரக்கு அப்படியே கிடந்தது. மேனேஜர் எல்லோரையும் ரூமுக்குள் கூப்பிட்டார். கதவின் பதிவில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே பெயர், என் பெயர். இந்தக் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லி ஊரைக் கூட்டியவனும் நான்தான். சொன்னதை நிரூபிக்க நானே அணைத்துப் பார்த்தேன் என்று அவர்களாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள். நான் அணைக்கவில்லை என்றேன். அப்படியானால் யார் என்று மேனேஜர் கேட்டார்.

நான் உன்னைப் பார்த்தேன். உன் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொல்லவில்லை. நீ எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாய், உன் வாயாலேயே நீ சொல்வதுதான் உனக்கு மரியாதை என்று காத்திருந்தேன். நீ காபிக் கப்பின் மூடியைத் திறந்தாய், மூடினாய், மறுபடி திறந்தாய். கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். மேனேஜர் பெருமூச்சு விட்டுவிட்டு ஃபைலை மூடினார்.

அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார்கள். என் சாமான்களைப் போட்ட அட்டைப்பெட்டியைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? நீ. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"ரெண்டு நாளு டைம் குடுடா. நானே பேசறேன்."

நம்பினேன். என் மனைவி ராதா மட்டும் நம்பவில்லை. "அவர் பேச மாட்டார். நீங்க ஒரு மெயில் போடுங்க, பேரைச் சொல்லுங்க" என்றாள். அவனே சொல்வான் என்றேன். அதற்குள் நீ போன் எடுப்பதை நிறுத்திவிட்டாய். உன் மனைவி கோமதியும் கூப்பிடவில்லை. அது வரை வாரா வாரம் எங்கள் வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் குழம்பு டப்பா போய் வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றது.

எனக்கும் அப்போது விசாதான், நினைவிருக்கிறதா? வேலை போனால் மூட்டை கட்ட வேண்டும். சுகர் லேண்டில் ஒரு கிளினிக் கம்பெனிக்கு கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை கிடைத்ததும், ராதா தன் வேலையை விட்டுவிட்டு, பையனை டேகேரிலிருந்து எடுத்துக்கொண்டு, என்னோடு டெக்ஸாஸ் வெயிலுக்கு வந்தாள். தினமும் ஃப்ரீவேயில் உன்னைத் திட்டிக்கொண்டே போவேன். வெளியே கேட்காது, ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றியிருப்பேன். நல்ல வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோய் ஹாஸ்டலில் கற்ற வார்த்தைகளுக்கு வந்துவிடுவேன்.

பிறகு மில்பிடாஸ் பக்கமே, பே ஏரியாவுக்கே திரும்பலாம் என்று இன்டர்வியூவுக்குப் போனபோது, ஒரு இடத்தில் என் பழைய கம்பெனியைச் சொன்னதும் எதிரில் இருந்தவன் சிரித்துவிட்டான். "அந்த சேகரா நீங்க?" என்றான். கதை அவ்வளவு தூரம் பரவியிருந்தது. அன்றிலிருந்து நான் சந்திரா. சந்திரசேகரன் என்ற பெயரில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன். அப்பா வைத்த பெயர், ஊரெல்லாம் என்னைக் கூப்பிட்ட பெயர், பாதியை உன்னால் தொலைத்தேன். ஈரோட்டிலிருந்து அம்மா போனில் 'சேகரு' என்று கூப்பிடும்போது மட்டும் ஒரு நொடி யாரையோ கூப்பிடுகிறாள் என்று தோன்றும்.

இப்போது கதைக்கு வருகிறேன். உன் கம்பெனியின் பெரிய கஸ்டமர் ஒருவர், காலாவதியான விண்டோஸ் ஓடுகிற இடத்துக்கு இனி ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அவசரம் அவசரமாக டெஸ்ட் ஃப்ளோர் முழுவதையும் மாற்ற வெளியாட்களைத் தேடினார்கள். பே ஏரியாவுக்குத் திரும்பி நான் சேர்ந்திருந்த கம்பெனிக்கு அந்த வேலை வந்தது. என்னைப் போகச் சொன்னார்கள். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. உன் கோட்டையைப் பிரித்துப் போடுகிற வேலை, விடுவேனா?

பழைய ஆட்கள் யாரும் இல்லை. அந்த மேனேஜரும் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். உன் இடத்தில் நித்யா என்று ஒரு பெண் இருக்கிறாள், திருநெல்வேலிக்காரி, கெட்டிக்காரி. சுவரில் உன் படம் மாட்டியிருந்தது. முதல் நாளே என்னை ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் காட்டிக்கொண்டு வந்தாள். எல்லாம் அதே கிழடுகள். நான் கத்திய அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே. ஒன்றைக்கூட மாற்றவில்லை. அன்றைக்குச் செத்த பெட்டிக்கும் எங்கிருந்தோ ஒரு பழைய டிஸ்கைத் தேடிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க இத்தனை வருஷமா மாத்தல?" என்று கேட்டேன்.

"பயம்தான் சார். ஒரு தடவை ஒருத்தர் சும்மா இருக்க மாட்டாம ஆஃப் பண்ணிட்டாராம், லைனே நின்னுருச்சாம். அதுக்கப்புறம் யாரும் தொட மாட்டாங்க." சிரித்துக்கொண்டே ஸ்விட்ச் போர்டைக் காட்டினாள். "நீங்களும் சேகர் பண்ணிடாதீங்க."

எனக்குப் புரியவில்லை. என்ன பண்ணிடக் கூடாது என்று கேட்டேன்.

"அவர் பேர் சேகராம். இங்க யாராவது யோசிக்காம எதையாவது ஆஃப் பண்ணினா 'சேகர் பண்ணிட்டான்'னு சொல்வோம். வெள்ளைக்காரங்களும் சொல்வாங்க. சார்தான் எங்களுக்கு ட்ரெயினிங்ல இந்தக் கதையைச் சொல்வார்." சுவரில் இருந்த உன் படத்தைக் கைகாட்டினாள்.

அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருப்பேன். அவள் அடுத்த கம்ப்யூட்டருக்கு நகர்ந்தாள், நானும் பின்னாலேயே போனேன். பயத்தில் வாயை மூடினாய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயந்தவனை ஒருநாள் மன்னிக்கலாம். நீ வாயைத் திறந்திருக்கிறாய்! வருஷா வருஷம், புதிதாக வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, என் பெயரை நடு ஹாலில் போட்டு மிதித்திருக்கிறாய். நீ பரப்பிய அந்தப் பயத்தில்தான் நான் மாற்றச் சொன்ன கம்ப்யூட்டர்கள் இத்தனை காலம் மாறாமல் கிடந்தன. உன் பொய்க்குக் காவலாக அவற்றையும் உட்கார வைத்திருக்கிறாய்.

நித்யாவிடம் ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடங்கினேன். ஓடும்போதே டிஸ்கைக் காப்பி எடு, புதியதில் ஏற்று, ஒரே போர்டை இரண்டிலும் சோதித்துப் பார், முடிவு ஒத்துப்போனால் பழையதை அணை. நான் அன்றைக்கு மீட்டிங்கில் சொன்னது இதைத்தான், ஒரு வரி மாறவில்லை. ஒரு சோதனை முடிவும் மாறவில்லை. உன் கிரீன் கார்டுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காதடா, மடையா.

கடைசிக் கம்ப்யூட்டரை அணைக்கிற நாளை ஒரு சின்ன விழாவாக வைத்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை காலை. கேக், காபி, உன் படத்துக்கு ஒரு மாலை. உன் குடும்பத்தையும் கூப்பிட்டிருக்கிறோம் என்று நித்யா கடைசி நிமிஷத்தில் சொன்னாள். கோமதி வந்தாள். தலை நன்றாக நரைத்துவிட்டது. கூடவே தன்யா, அன்றைக்கு டேகேரில் என் பையனோடு மணலில் புரண்டவள், இப்போது அம்மாவைவிட உயரம். நான் ரேக்குக்குப் பின்னால் கேபிள் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கோமதி நேராக அங்கேயே வந்துவிட்டாள்.

"சேகரண்ணா! நீங்களாங்ணா?"

என் பக்கத்தில் நின்ற நித்யாவின் கையில் கேக் தட்டு அப்படியே நின்றது.

கோமதி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "எங்களுக்காக நீங்க பண்ணுனதை நான் ஒருநாளும் மறக்கலைங்ணா. இவரு அன்னிக்கு மெஷினை நிறுத்திட்டாரு, பழியை நீங்களா ஏத்துக்கிட்டீங்க. 'எனக்கு வேற வேல கெடைக்கும், உனக்குக் கொழந்த இருக்குது, நீ பேசாத இருடா'ன்னு சொன்னீங்களாமே. வருஷா வருஷம் பூஜைல உங்க பேரைச் சொல்லித்தாங்ணா இவரு கற்பூரம் காட்டுவாரு."

ஆபீஸுக்கு ஒரு சேகர், வீட்டுக்கு ஒரு சேகர்! அங்கே புத்தியில்லாத தறுதலை, இங்கே தியாகி. இரண்டையும் நீயே செய்தாய், இரண்டுக்கும் என்னைக் கேட்கவில்லை. எனக்கும் ஒரு குழந்தை இருந்ததடா. அவனையும் தூக்கிக்கொண்டுதான் டெக்ஸாஸ் போனேன். நீ பேசுவாய் என்று நான் உட்கார்ந்திருந்த அந்த மௌனத்துக்குத் தியாகம் என்று பேர் வைத்து, அதற்குக் கற்பூரம் வேறு காட்டியிருக்கிறாய். கோபப்படக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை.

"ஆன்ட்டி, மெஷினை நிறுத்தினது சாரா? இவர்தான் நிறுத்தினார்னு சார் எங்ககிட்ட..." என்று நித்யா ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

கோமதி என்னைப் பார்த்தாள். தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். புருஷனை இழந்தவள், அவளிடம் போய் என்ன என்று ராதாவே சொல்லியிருப்பாள். எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு பொய்க்கும் நான் வாயை மூடிக்கொண்டு நிற்பதா?

"கோமதி, நான் எதையும் ஏத்துக்கல. ஏத்துக்கறியான்னு என்னை யாரும் கேக்கவே இல்ல. அவன் பேசுவான்னு உக்காந்திருந்தேன். பேசல. வேலை போச்சு. அவ்வளவுதான் நடந்தது."

அவள் என் கையை விட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்களுக்கு போன் பண்ணி ஒரு நன்றி சொல்றேன்னு எத்தனையோ தடவை கேட்டனுங்ணா. 'வேண்டாம், சேகர் சங்கடப்படுவான்'னு நம்பரையே குடுக்கல." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

எல்லோரும் அந்தக் கம்ப்யூட்டரைச் சுற்றிக் கூடினார்கள். நித்யா உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி கோமதியைத் தயக்கத்தோடு கூப்பிட்டாள். கோமதி முன்னால் போனாள். அவளுடைய இங்கிலீஷ் உனக்குத் தெரியும், நீ கிண்டல் செய்துகொண்டே இருப்பாய். அந்த இங்கிலீஷில் அவள் நேராகச் சொன்னாள். அன்றைக்கு இந்த ஃப்ளோரில் மெஷினை அணைத்தது என் கணவர். சேகர் இல்லை. சேகர் இதோ நிற்கிறார். நீங்கள் அவர் பெயரை வைத்துச் சிரிப்பது இன்றோடு நிற்கட்டும்.

யாரோ கை தட்டத் தொடங்கி, தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்தினார்கள். நித்யா என்னிடம் வந்து, "ஸாரி சேகர் சார்" என்றாள். நான் பட்டனை அமுக்கி அந்தக் கம்ப்யூட்டரை அணைத்தேன். அன்றைக்கு அணைத்ததாகச் சொல்லி விரட்டினார்கள், இன்றைக்குக் கூப்பிட்டு அணைக்கச் சொல்கிறார்கள்.

பார்க்கிங் லாட்டில் தன்யா என் காருக்கு அருகில் வந்தாள். அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று இங்கிலீஷில் கேட்டாள். அவளுக்கு இதமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"பயம்மா. உங்கப்பா ஒரு கோழை" என்றேன்.

அவள் அழவில்லை. வீட்டிலும் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டேதான் இருப்பார், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பார் என்றாள். பிறகு, "தேங்க் யூ, அங்கிள்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் ஓடினாள். உன்னைப் பற்றி உண்மை சொன்னதற்கு எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் உன் பெண்தான்.

என் பெயர் எனக்குத் திரும்பிவிட்டது. திங்கட்கிழமை ஆபீஸில் என் பேட்ஜை மாற்றித் தரச் சொன்னேன். ஆனால் அது நீ கொடுத்ததில்லை, உன் மனைவி கொடுத்தது. உன்னை மன்னிக்கவும் இல்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. கேட்க வேண்டியதை ஆற அமரக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன், நீ பாட்டுக்குச் செத்துத் தப்பித்துக்கொண்டாய். அந்த ரூமில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேனே, அந்தக் காத்திருப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போதும் எந்த மீட்டிங்கிலாவது எதிரில் இருப்பவன் பேசத் தொண்டையைச் செருமினால், நீதான் சொல்லப் போகிறாய் என்று நிமிர்ந்து உட்காருகிறேன்.